கயிலைக்குப் புறப்பட்ட முதியவர்
சேக்கிழார் காட்டும் முதுமையும் கடாரத்துத் தோட்டங்களும்

முதுமையைப் பாடும்போது தமிழ் இரண்டு குரல்களில் பாடியிருக்கிறது. ஒன்று, கழிந்துபோன இளமையை எண்ணி ஏங்கும் குரல். மற்றொன்று, இனித்தான் புறப்பட வேண்டும் என்று துணிந்து எழும் குரல். முதற் குரலைப் பள்ளி மாணவரும் அறிவர். இரண்டாவது குரல் அத்துணை அறிமுகம் பெறவில்லை. அறிமுகம் பெற்ற இடத்திலும் அதன் பொருள் திரிந்தே வழங்குகிறது.

முதற் குரலுக்குத் தலைசிறந்த சான்று புறநானூற்றின் 243-ஆம் பாட்டு. பாடியவரின் இயற்பெயர் தெரியவில்லை. பூண் கட்டிய ஊன்றுகோலைக் குறித்து அவர் ஆண்ட தொடரே அவருக்குப் பெயராயிற்று. தொடித்தலை விழுத்தண்டினார் என்றே அவரை அறிகிறோம். இளமையில் ஆழமான நீர்நிலையில், கரையில் நின்றோர் வியக்கும்படி பாய்ந்து, அடியிலிருந்து மணலை அள்ளி வந்ததை அவர் நினைக்கிறார். இன்று கையில் கோல், உடலில் நடுக்கம், இருமலுக்கு இடையே சில சொற்கள். அந்த இளமை எங்கே போயிற்று என்பதே பாட்டின் வினா. அந்த வினாவுக்கு விடை இல்லை என்பதே அதன் அழகு.

இரண்டாவது குரலைக் கேட்க வேண்டுமாயின் பன்னிரண்டாம் நூற்றாண்டுக்கு வரவேண்டும். சேக்கிழார் பாடிய பெரியபுராணத்தில் திருநாவுக்கரசர் கயிலைக்குச் செல்லும் பகுதியே அது. இங்கும் ஒரு முதியவர் வருகிறார். இங்கும் ஒரு நீர்நிலை இருக்கிறது. புறநானூற்று முதியவர் தாம் முன்னொரு நாள் பாய்ந்ததை நினைக்கிறார். சேக்கிழாரின் முதியவரோ பாய்கிறார். இவ்வேறுபாட்டைக் கருத்திற் கொண்டு அப்பகுதியை ஆராய்ந்தால், அது சமயக் கதை என்ற அளவோடு நில்லாமல், முதுமையின் வேட்கையைப் பற்றித் தமிழில் எழுந்த மிக நுட்பமான ஆராய்ச்சியாகவும் விளங்கும்.

பயணத்தின் படிகள்

நாவுக்கரசர் வாழ்ந்தது ஏழாம் நூற்றாண்டு. எண்பத்தோராண்டு வாழ்ந்தார் என்பது மரபு. சிறுவராகிய ஞானசம்பந்தர் அவரை 'அப்பர்' என்று அழைத்தார். நாடும் அப்படியே அழைத்தது. தந்தையென்றும் பாட்டனென்றும் பிறர் போற்றும் வயதை எய்திய ஒருவர், கையில் உழவாரப் படையுடன் கோயில்தோறும் புல் செதுக்கி வந்தவர், திருக்காளத்தியில் நின்றபோது ஓர் ஆசை கொள்கிறார். தென்கயிலை என்று போற்றப்படும் அவ்விடத்தில் நிற்கும்போதே வடகயிலையைக் காணும் வேட்கை எழுகிறது. அருகிலுள்ளது நிறைவு தராமல், அதுவே தொலைவிலுள்ளதை நினைப்பூட்டுகிறது. முதுமையில் எழும் ஆசையின் இயல்பு இதுதான். சேக்கிழார் அதனை விளக்கிக் கூறாமல் நிகழ்ச்சியாகவே வைத்துவிடுகிறார்.

அதன்பின் நாடுகள் அடுக்கப்படுகின்றன. திருப்பருப்பதம், தெலுங்கு நாடு, கன்னட நாடு, மாளவம், இலாடம், மத்தியப் பைதிரம், பின்னர் வாரணாசி. இவ்வடுக்கைப் படிக்கும் மாணவன் இதனை வெறும் ஊர்ப்பட்டியல் என்று எண்ணுவான். ஆசிரியர் இங்கே சற்று நிறுத்த வேண்டும். வாரணாசியில் ஒரு சிறு செய்தி உள்ளது. அதுவரை உடன்வந்த அடியார்களை அங்கேயே விட்டுவிட்டு அவர் தனியே மேலே செல்கிறார். தம் ஆசைக்கு உரிய துன்பத்தைத் தாமே ஏற்க வேண்டும், பிறர்மீது சுமத்தலாகாது என்ற அறம் அதில் அடங்கியிருக்கிறது. துணிவுக்கும் முரட்டுத்தனத்திற்கும் உள்ள எல்லைக்கோட்டை ஒரே அடியில் வரைந்துவிடுகிறார் புலவர்.

இனி வருவது தமிழ்க் காப்பியங்களில் அரிதாகக் காணும் ஒரு காட்சி. காய், கிழங்கு, சருகு என்று உணவு சுருங்கிப் பின் அதுவும் நின்றுபோகிறது. இரவு பகல் பாராது நடந்ததனால் கால்கள் தேய்கின்றன. கால் ஓய்ந்ததும் கைகளால் ஊர்கிறார். கைகளும் மணிக்கட்டுவரை தேய்கின்றன. பின் மார்பினால் உந்திச் செல்கிறார். மார்பு நைந்து எலும்பு முறிகிறது. பின் உடம்பையே புரட்டிப் புரட்டி நகர்கிறார். இறுதியில் அதுவும் இயலாமல் வழியிடையே கிடக்கிறார்.

இது மிகை என்பார் உளர். மிகைதான், ஆனால் ஒழுங்குள்ள மிகை. காலும் கையும் மார்பும் உடலும் ஒன்றன்பின் ஒன்றாக ஓய்கின்றன. முதுமை உண்மையில் உடலை வெல்லும் முறை இதுவே அன்றோ? ஓர் உறுப்பு ஓய்ந்தால் மற்றோர் உறுப்பால் வாழப் பழகுகிறோம். முழங்கால் ஓய்ந்தால் கோல், கோலும் போதாதாயின் சுவர், சுவரும் போதாதாயின் பிறர் தோள். பல ஆண்டுகளில் நடப்பதைச் சேக்கிழார் ஒரே பாதையில் நடப்பதாகக் காட்டியுள்ளார். ஒவ்வோர் உறுப்பு ஓய்ந்தபோதும் ஓயாத ஒன்று எஞ்சுகிறது. அந்த எஞ்சிய ஒன்றைக் காட்டுவதற்காகவே மற்றவற்றை ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டு வருகிறார். தொடித்தலை விழுத்தண்டினார் பாட்டில் உடலோடு சேர்ந்து உள்ளமும் பின்னோக்குகிறது. இங்கே உடல் ஓய ஓய உள்ளம் முன்னோக்குகிறது.

முனிவரின் அறிவுரை

வழியில் கிடக்கும் அவர்முன் இறைவன் ஒரு முனிவராகத் தோன்றுகிறான். அருகே ஒரு பொய்கையும் தோன்றுகிறது. உறுப்புகள் அழிய இக்காட்டில் எதற்காக வந்தீர் என்று முனிவர் கேட்கிறார். கயிலையில் இறைவனைக் காணும் ஆசையால் வந்தேன் என்கிறார் இவர். கயிலை மனிதர் எளிதில் அடையும் இடமன்று, தேவர்க்கும் அரியது, திரும்பிச் செல்லுதலே தக்கது என்கிறார் முனிவர்.

முனிவர் சொன்னதில் பொய் ஒன்றுமில்லை. அக்கறையும் உண்டு. முதியவர்களுக்கு உலகம் எப்போதும் சொல்லும் அறிவுரை அதுதான்: இந்த வயதில் இது எதற்கு? உடம்பு தாங்குமா? பேசாமல் வீட்டில் இருக்கலாமே? இவ்வறிவுரையைச் சொல்பவர் பகைவர் அல்லர், அன்பர். ஆகவேதான் அதனை மறுப்பது கடினம். சேக்கிழார் அந்த அறிவுரையை இறைவன் வாயிலேயே வைத்தது பெருந்துணிவு. அதைவிடப் பெருந்துணிவு, அதனை மறுக்கும் உரிமையை முதியவருக்கு அளித்தது. காணாமல் இவ்வழியும் உடம்பைத் தூக்கிக்கொண்டு திரும்ப மாட்டேன் என்கிறார் அவர். இம்மறுப்பில் சினம் இல்லை, வாதம் இல்லை. தம் உடம்பின் நிலையை அவர் மறைக்கவும் இல்லை. அழியும் உடம்பு என்று முனிவர் சொன்னதையே தமக்குரிய காரணமாக ஆக்கிக்கொள்கிறார்.

அதன்பின் முனிவர் மறைகிறார்; வானில் எழுந்த குரல் அவரை எழுப்புகிறது; உறுப்புகள் முன்போல் ஆகின்றன. பொய்கையில் மூழ்கித் திருவையாற்றில் கயிலைக் காட்சியைக் காணுமாறு ஆணை பிறக்கிறது. வடநாட்டுப் பொய்கையில் மூழ்கியவர் காவிரிக்கரைத் திருவையாற்றில் ஒரு குளத்தில் எழுகிறார். அங்கே நிற்பனவும் நடப்பனவும் தத்தம் துணையோடு வருவதைக் காண்கிறார். யானையும் பிடியும், சேவலும் பெடையும், குயில், அன்னம், மயில், ஏனம், கிளி, ஏறு என இணை இணையாக வருவனவெல்லாம் அம்மையப்பராகத் தோன்றுகின்றன. ஆடி அமாவாசையில் திருவையாற்றில் இன்றும் இக்காட்சி விழாவாக நடைபெறுகிறது.

வழக்கமாகச் சொல்லும் பொருள்

இப்பகுதிக்கு மேடைகளிலும் வகுப்பறைகளிலும் வழக்கமாகச் சொல்லப்படும் பொருள் ஒன்று உண்டு. கடவுளைத் தேடி எங்கும் அலைய வேண்டியதில்லை, உள்ளூரிலேயே காணலாம், அப்பரைக்கூட இறைவன் திருப்பி அனுப்பிவிட்டான் அல்லவா என்பதே அது. கேட்பதற்கு இனிமையான கருத்து. வீட்டை விட்டு நகராதவர்க்கு ஆறுதலும் கூட. ஆனால் நூல் இதற்கு இடந்தரவில்லை.

திருப்பி அனுப்புவதே இறைவனின் கருத்தாயின், காளத்தியிலேயே அக்குரல் எழுந்திருக்கலாம். வாரணாசியில் எழுந்திருக்கலாம். கால் தேய்ந்தபோது எழுந்திருக்கலாம். அப்போதெல்லாம் வானம் வாய் திறக்கவில்லை. இனி ஓர் அடியும் நகர இயலாது, ஆயினும் திரும்ப மாட்டேன் என்ற இடத்தில்தான் குரல் எழுகிறது. திருவையாறு அதற்கு முன்னும் அங்கேதான் இருந்தது. யானையும் பிடியும் அதற்கு முன்னும் அவ்வழியே வந்தனதாம். அவற்றைக் கயிலையாகக் காணும் கண் மட்டுமே அதுவரை இல்லை. அக்கண்ணை அளித்தது அப்பயணமே. உள்ளூரில் கயிலையைக் காணலாம் என்பது உண்மை. அதனைக் காண்பவர் கயிலைக்குப் புறப்பட்டவர் என்பதே சேக்கிழார் சேர்த்துச் சொல்லும் உண்மை. முன்பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு பின்பாதியை விட்டுவிடுவது உரையாகாது, குறைத்தலாகும்.

இன்னொரு செய்தியும் நோக்கத்தக்கது. காட்சி கண்டதோடு கதை முடியவில்லை. அப்பர் திருப்பூந்துருத்திக்குச் சென்று திருமடம் அமைக்கிறார். தம்மைக் காணவந்த ஞானசம்பந்தரின் சிவிகையைக் கூட்டத்தோடு கூட்டமாக நின்று தம் தோளில் தாங்குகிறார். பின் பாண்டிநாட்டுக்குப் போகிறார். திருப்புகலூரில் மீண்டும் உழவாரத்தோடு நிற்கிறார். புல் செதுக்கும் இடத்தில் பொன்னும் மணியும் வர, அவற்றையும் பருக்கைக் கற்களோடு சேர்த்துக் குளத்தில் எறிகிறார். தேய்ந்து முறிந்ததாகக் காட்டிய அதே தோள் சிவிகை தாங்குகிறது என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். முதுமையில் ஒரு பெருங்கனவைத் துரத்தியவர் அதனோடு முடிந்துபோகவில்லை; வேலைக்குத் திரும்பினார், முன்னினும் எளியவராகத் திரும்பினார்.

ஒப்பும் வேறுபாடும்

இமயம் நோக்கிச் சென்ற மற்றொருவர் சேரன் செங்குட்டுவன். கண்ணகிக்குக் கல் கொணரப் படையோடு சென்று, முப்பத்திரண்டு திங்கள் கழித்து வஞ்சிக்கு மீண்டான் என்று சிலப்பதிகாரம் கணக்குச் சொல்கிறது. ஆட்சியில் ஐம்பது ஆண்டு கழிந்த பின்னும் மறக்கள வேள்வியே செய்கின்றாய் என்று மாடலன் அவனுக்கு நினைவூட்டுகிறான். செங்குட்டுவன் படையோடு சென்று கல்லோடு வந்தான். அப்பர் தனியே சென்று வெறுங்கையோடு வந்தார். மன்னனின் முதிர்ந்த வயதுச் செயல் பெருமைக்குரியது. ஆயினும் அது இளமையின் தொடர்ச்சியே. துறவியின் செயல்தான் முதுமைக்கே உரியது.

மனித அளவில் இதற்கு மிக நெருங்கிய ஒப்பு பிசிராந்தையார். பாண்டிநாட்டவராகிய இவர், ஒருநாளும் நேரிற் காணாத கோப்பெருஞ்சோழனோடு நட்புக் கொண்டார். சோழன் வடக்கிருந்தபோது இவர் வருவார் என்று சொல்லி இடம் வைத்திருந்தான், உடனிருந்தோர் ஐயுற்றனர், இவர் வந்தார். ஆண்டு பல ஆகியும் நரையில்லாதது எப்படி என்று கேட்டவர்களுக்கு அவர் கூறிய விடை 191-ஆம் பாட்டு. மனைவி, மக்கள், ஏவலர், அரசன், ஊர்ச் சான்றோர் ஆகியோர் நல்லோராய் அமைந்ததே காரணம் என்கிறார். இங்கே ஒரு நுட்பம். வீட்டில் குறையுடையவர்தாம் முதுமையில் வெளியேறுவர் என்று உலகம் எண்ணும். பிசிராந்தையார் வீடு நிறைவாக இருந்ததனாலேயே வெளியேற முடிந்தவர். முதியவர் புறப்படுவது வீட்டைப் பழிப்பதாகாது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

மேலைநாட்டுப் புலவர் இதே பொருளை வேறு விதமாகக் கண்டனர். தாந்தே என்னும் இத்தாலியப் பெருங்கவிஞர் படைத்த யுலிசீசு, முதுமையில் முதிய தோழர்களோடு உலகின் எல்லை கடந்து கப்பல் செலுத்துகிறான். தொலைவில் ஒரு மலை தெரிகிறது. மகிழ்கிறார்கள். அம்மலைப் பக்கமிருந்து எழுந்த சுழற்காற்று கப்பலை மூழ்கடிக்கிறது. ஆங்கிலக் கவிஞர் தெனிசன் 1842-இல் வெளியிட்ட பாட்டில் அதே யுலிசீசு, முதிய மனைவியையும் ஆட்சிப்பொறுப்பேற்கும் மகனையும் விட்டுவிட்டுக் கடலை நோக்கிப் பேசுகிறான். வீடு அவனுக்குச் சலித்துவிட்டது. தாந்தேயின் முதியவன் மலையைக் கண்டு நீரில் மூழ்கி மாய்கிறான். சேக்கிழாரின் முதியவர் மலையைக் காணாமல் நீரில் மூழ்கி எழுகிறார். ஒருவன் தோழர்களையும் அழிவுக்கு இழுத்துச் செல்கிறான். மற்றவர் தோழர்களை வாரணாசியில் நிறுத்திவிட்டுச் செல்கிறார். தாந்தேக்கு முதுமையின் துணிவு எல்லை மீறிய குற்றம். தெனிசனுக்கு அது பெருமிதம். சேக்கிழாருக்கு அது அன்பு. இம்மூன்றில் எது உயர்ந்தது என்பதைப் படிப்போர் முடிவு செய்யட்டும். எது முழுமையானது என்பதில் ஐயமில்லை.

கடாரத்தில் இக்கதை

இக்கதையைக் கெடா மாநிலத்துத் தோட்டங்களில் வைத்துப் படிக்கும்போது அதற்குத் தனிப்பொருள் உண்டாகிறது. கடாரம் என்று சோழர் கல்வெட்டுகள் குறித்த மண் இது. முதலாம் இராசராசன் காலத்தில் கடாரத்து அரசர் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் எழுப்பினார். 1025-இல் முதலாம் இராசேந்திரனின் கடற்படை கடாரம் வந்தது. பூஜாங் பள்ளத்தாக்கில் சிதைந்து கிடக்கும் கோயில் அடித்தளங்கள் அப்பழைய உறவுக்குச் சான்று. நாகைக்கும் இக்கரைக்கும் இடையே ஆயிரம் ஆண்டாக ஓடிய அதே கடல்வழியில்தான் இரப்பர்த் தோட்டத் தொழிலாளரும் வந்தனர். தொழிலாளரை உதவியளித்து அனுப்புவதை இந்திய அரசு 1938-இல் தடுத்தது. அதற்கு முன் குழந்தைகளாகக் கப்பலேறியவர்களும், இங்கேயே லயத்தில் பிறந்தவர்களும் பின்னாளில் தாத்தாக்களும் பாட்டிகளும் ஆயினர்.

இவர்களுக்கு இளமையில் கனவு காண நேரம் கிடைக்கவில்லை. விடியுமுன் பெரட்டு, பின் பால்வெட்டு, மங்கு கழுவி வாளி சுமந்து நிறுவைக்கு வந்து சேர்தல், மாலையில் வீட்டுவேலை என நாள்கள் ஓடின. சப்பானியர் காலத்தில் பலர் சயாம் மரண இரயில் பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். 415 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதையிலிருந்து திரும்பாதவர் பலர். பிள்ளைகள் தலையெடுத்த பின்தான் இவர்களுக்கு ஆசை என்ற ஒன்று பிறந்தது. சிலருக்குத் தாய் தந்தையர் பேசிய ஊரை ஒருமுறை காணவேண்டும். சிலருக்குக் காசி, இராமேசுவரம். சிலருக்கு எழுதப் படிக்கக் கற்கவேண்டும். பீடோங், குருண், மெர்போக் பக்கத்து மக்கள் நாள்தோறும் விழித்த மலை 1,217 மீட்டர் உயரமுள்ள குனோங் ஜெராய். அதன் அடிவாரத்தில் வாழ்நாள் முழுதும் மரம் சீவியும் உச்சிக்கு ஒருநாளும் ஏறாதவர் எத்தனை பேர்!

ஊரைக் காணும் ஆசைக்கு ஒரு காலத்தில் கப்பல் இருந்தது. 1926-இல் கட்டப்பட்ட 'இரஜூலா' பினாங்கிலிருந்து நாகைக்கும் சென்னைக்கும் தோட்டத்து மக்களை ஏற்றிச் சென்றது. அதன்பின் 'சிதம்பரம்' ஓடியது. 1985-இல் அக்கப்பலில் தீ விபத்து நேர்ந்தபின் அச்சேவை முடிவுக்கு வந்தது. மூட்டை முடிச்சோடு, தெரிந்த முகங்களோடு கூட்டமாகச் சென்று இறங்கும் வழி போயிற்று. வானூர்தி விரைவானதுதான், ஆனால் எழுத்தறியாத முதியவர் ஒருவர் தாமே துணிந்து செய்யும் பயணமாக அது இல்லை. பிள்ளையின் துணையும் பிள்ளையின் விடுமுறையும் பிள்ளையின் இசைவும் வேண்டியதாயிற்று. சிவப்பு அடையாள அட்டையோடு வாழ்ந்தவர்க்கோ கடவுச்சீட்டே பெருமலை.

இங்கேதான் அப்பர் கதையின் குறையுரை வந்து சேர்கிறது. சுங்கைப்பட்டாணியிலோ கூலிமிலோ அடுக்குமாடி வீட்டில் இருக்கும் முதியவர் தம் ஆசையைச் சொல்லும்போது, "சாமி இங்கேயும்தானே இருக்கு, அங்கே போய் எதுக்குப்பா அலையணும்?" என்று மகன் சொல்கிறான். தெரிந்தோ தெரியாமலோ அவன் சொல்வது, பள்ளியில் அவன் கேட்ட உரைதான். ஒரு நூலைத் தவறாகக் கற்பித்தால் அதன் விளைவு தேர்வுத்தாளோடு முடிவதில்லை என்பதற்கு இது சான்று.

மறுதரப்பு

மகன் தரப்பிலும் நியாயம் உண்டு. அதனை மறைப்பது திறனாய்வுக்கு அழகன்று. அப்பரின் தேய்ந்த உறுப்புகள் அருளால் மீண்டன. நீரிழிவு கண்ட காலில் புண் வந்தால் மீளாது. அப்பருக்கு மனைவி மக்கள் இல்லை; அவரைத் தேடி யாரும் விடுப்பு எடுத்துக்கொண்டு அலைய வேண்டியதில்லை. மேலும், பேரப்பிள்ளைகளை வளர்க்கும் பொறுப்பைத் தோட்டத்துப் பாட்டிமார்மீது சுமத்திவிட்டுத்தான் மகளும் மருமகளும் ஆலை வேலைக்குச் செல்கிறார்கள். அப்பாட்டி எந்த வாரணாசியில் யாரை நிறுத்திவிட்டுச் செல்வார்? பெரியபுராணத்தில் இவ்வினாவுக்கு விடை இல்லை. காரைக்காலம்மையார்கூட இல்லறக் கட்டு அறுந்த பின்னரே கயிலைக்குத் தலையால் நடந்தார். பெண்ணின் முதுமை வேட்கையைப் பாடுவதில் நம் பழைய இலக்கியம் பின்தங்கியே நிற்கிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஆனால் இக்குறை, முதியவரின் ஆசையை மறுப்பதற்குக் காரணமாகாது. ஆசையை நிறைவேற்ற எவ்வளவு துணை வேண்டும் என்பதைத்தான் அது காட்டுகிறது. மருத்துவரைக் கலந்துகொள்வது, கடவுச்சீட்டுக்கு அலைவது, ஒரு மாதம் குழந்தையை மற்றொருவர் பார்த்துக்கொள்வது ஆகியவை பிள்ளைகள் செய்யக்கூடிய உதவிகள். அருள் செய்ததை அன்பு செய்யவேண்டும்.

உலகம் காட்டும் சான்றுகளும் உள. பஞ்சாப் உழவராக இருந்து இங்கிலாந்தில் குடியேறிய பௌஜா சிங் எண்பதைக் கடந்த பின் ஓட்டத்தில் ஈடுபட்டு, 2011-இல் தொரந்தோ நகரின் மராத்தான் ஓட்டத்தை நூறு வயதினராக ஓடி முடித்தார். பிறப்புச் சான்றிதழ் இல்லாமையால் கின்னஸ் நிறுவனம் அதனைச் சாதனையாக ஏற்கவில்லை. பிறந்த நாளைச் 'சப்பான்காரன் வந்த வருசம்' என்று கணக்கிடும் தோட்டத்து முதியவர்க்கு அவர் உறவினர் போலத் தோன்றுவார். அவர் 2025-இல் சாலை விபத்தில் மறைந்தார். முதுமை அவரை வெல்லவில்லை. கெடா மண்ணிலேயே, 1925-இல் அலோர் ஸ்டாரில் பிறந்த மகாதீர் முகம்மது 2018-இல் தம் 92-ஆம் வயதில் மீண்டும் பிரதமரானார். அவர் அரசியலைப் பற்றி யார் எக்கருத்துக் கொண்டாலும், வயது ஒன்றே தடையாகாது என்பதற்கு அது சான்று. தமிழுக்குள்ளேயே, உ. வே. சாமிநாதையர் தம் வரலாற்றை ஆனந்த விகடனில் எழுதத் தொடங்கியது 1940-இல். அப்போது அவருக்கு வயது எண்பத்தைந்தை ஒட்டியிருந்தது. 1942-இல் அவர் மறைந்தபோது நூல் முடியாமல் நின்றது. முடியாது என்று அறிந்தும் தொடங்குவதே இவ்வயதின் வீரம்.

மலேசிய எழுத்தில் முதியவர்

நம் நாட்டு எழுத்தாளரிலும் இவ்வீரம் உண்டு. 1930-இல் பிறந்து தலைமையாசிரியராகப் பணியாற்றிய அ. ரெங்கசாமி, சயாம் இரயில் பாதையைப் பற்றிய 'நினைவுச் சின்னம்', இந்திய தேசிய இராணுவத்தைப் பற்றிய 'இமையத் தியாகம்' முதலிய நாவல்களை முதுமையில் தந்தார். கெடாவைச் சேர்ந்த கோ. புண்ணியவானும் ஆசிரியப் பணியிலிருந்தவரே; 1949-இல் பிறந்த அவர் சயாம் பாதையைப் பொருளாகக் கொண்ட 'கையறு' நாவலை எழுபது வயதை ஒட்டிய காலத்தில் எழுதினார். ஓய்வூதியம் வாங்கிக்கொண்டு ஓய்ந்திருக்கலாம் என்ற வயதில், காடும் பிணமும் நிறைந்த அப்பாதையில் மீண்டும் நடந்து பார்க்கத் துணிந்தது சிறு செயலன்று.

ஆனால் ஒரு குறை எஞ்சுகிறது. நம் சிறுகதைகளிலும் நாவல்களிலும் வரும் முதியவர் பெரும்பாலும் மூன்று உருவங்களில் வருகிறார். பழங்கதை சொல்பவர், பிள்ளைகளால் கைவிடப்பட்டவர், தோட்டம் விற்கப்பட்டபோது கோயில் மரத்தடியில் அழுபவர். மூவரும் உண்மையானவர்களே. மூவரும் தொடித்தலை விழுத்தண்டினாரின் வழிவந்தவர்கள். கோல் ஊன்றிப் பின்னோக்கி நிற்பவர்கள். அப்பரின் வழிவந்தவர், அதாவது பின்னும் ஒன்றை விரும்பி எழுந்து புறப்படுபவர், நம் கதைகளில் அரியர். முதியவரை இரங்கத்தக்கவராகக் காட்டிக் காட்டி, அவர் விரும்பத்தக்க ஒன்றை உடையவர் என்பதையே மறந்துவிட்டோம். இரக்கம் நல்லதுதான், ஆனால் இரக்கம் மட்டும் காட்டுவது, உயிரோடிருப்பவரை நினைவுச்சின்னம் ஆக்குவதற்கு ஒப்பாகும்.

தமிழாசிரியர் இங்கே செய்யக்கூடியது ஒன்றுண்டு. கயிலைப் பகுதியைக் கற்பிக்கும்போது, இறைவன் அப்பரை ஏன் திருப்பி அனுப்பினான் என்று கேட்பதோடு நிறுத்தாமல், ஏன் முன்னரே தடுக்கவில்லை என்றும் கேட்கவேண்டும். முனிவர் சொன்னது சரியாக இருந்தும் முதியவர் மறுத்தது ஏன் என்று கேட்கவேண்டும். வீட்டிலுள்ள தாத்தா பாட்டியிடம், முன்பு என்ன செய்தீர்கள் என்று கேட்டு எழுதி வரச் சொல்வது வழக்கம். இனி என்ன செய்ய ஆசை என்று கேட்டு எழுதி வருமாறும் ஒருமுறை சொல்லலாம். முதற் கேள்விக்கு வரும் விடைகள் வரலாறாகும். இரண்டாவது கேள்விக்கு வரும் விடைகள் குடும்பங்களில் சில ஏற்பாடுகளைச் செய்யத் தூண்டும்.

சேக்கிழார் ஒரு முதியவரின் காலையும் கையையும் மார்பையும் நம் கண்முன் தேய வைத்தது, அவரைக் கண்டு நாம் அழுவதற்காக அன்று. அத்தனையும் தேய்ந்த பின்னும் அவர் வாயில் திரும்ப மாட்டேன் என்ற சொல் எஞ்சியதைக் கேட்பதற்காகவே. அச்சொல்லைக் கேட்டுத்தான் வானம் பேசிற்று. பிள்ளைகளும் முதலில் கேட்க வேண்டும், பிறகு பேசலாம்.